பட்டாளம் விட்டு வந்து எட்டு மாதம்: வேலை இல்லாத காலத்துக்கு உதவித்தொகை உண்டா?

கேள்வி:

ஐயா, மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் 24 ஆண்டு சர்வீஸ் முடித்து, ஹவில்தாராக பென்ஷன் வந்து எட்டு மாதம் ஆகிறது. வயது 43. பத்தாவது முடித்துவிட்டு 19 வயதில் சேர்ந்தவன். ஊர் வேலூர் பக்கம். பாதி பென்ஷனை கம்யூட் செய்தது (முன்கூட்டியே மொத்தமாக வாங்கிக்கொண்டது) போக, அகவிலைப்படி சேர்த்து மாதம் 25,000 ரூபாய் அளவில் வருகிறது. மொத்தமாக வந்த பணத்தில் வீட்டுக் கடனை அடைத்தது போக 24 லட்சம் இருக்கிறது. மகள் பன்னிரண்டாவது, மகன் எட்டாவது படிக்கிறார்கள்.

இதுவரை கிடைத்தது ஒரே வேலைதான். ஒரு மாலில் செக்யூரிட்டி, 12 மணி நேரம், 13,000 ரூபாய். போனால் எக்ஸ் சர்வீஸ்மேன் கோட்டா போய்விடும் என்கிறார்கள். பரீட்சை எழுத வயது தாண்டிவிட்டது என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பா மகன், அங்கே பட்டாளம் விட்டு வருகிறவர்களுக்கு வேலை கிடைக்கும் வரை வாராவாரம் பணம் தருவார்கள் என்றான். நமக்கு அப்படி ஏதாவது உண்டா? மைத்துனர் ஹார்டுவேர் கடைக்கு 10 லட்சம் கேட்கிறார். அக்கா மகன் அக்னிவீர், 2023 தொடக்கத்தில் பயிற்சிக்குப் போனவன். அவனுக்கு என்ன வழி? பகலில் வீட்டில் இருக்கவே கூச்சமாக இருக்கிறது.

பதில்:

தம்பி, உங்கள் கடிதத்தின் கடைசி வரியை நான் பலமுறை படித்தேன். 2009-இல் நான் கிளார்க் டிரேடிலிருந்து பென்ஷன் வந்தபோது, காலையில் ஷேவ் செய்து, சட்டையை டக் இன் செய்துகொண்டு, போக இடமில்லாமல் பஸ் ஸ்டாண்டு வரை நடந்துவிட்டுத் திரும்பியவன். அதன் பிறகு பல ஆண்டுகளாக, வெளியே வரும் ஜவான்களுக்கு வேலை வழிகாட்டுவதே என் வேலை. உங்களுக்கு இருக்கும் கூச்சம் அநேகமாக எல்லோருக்கும் இருந்தது. அந்தக் கூச்சத்தில் எடுக்கிற முடிவுகள்தான் பின்னால் வலிக்கும். அதனால் கணக்கை முதலில் பார்ப்போம்.

உங்கள் சித்தப்பா மகன் சொன்னது உண்மை. அமெரிக்காவில் 1944-இலேயே, போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு வாரம் 20 டாலர் வீதம் 52 வாரம் வரை தரச் சட்டம் போட்டார்கள். 1958 முதல், படையை விட்டு வருகிறவர்களுக்கு என்றே நிரந்தரமான வேலையின்மைக் காப்பீடு இருக்கிறது. பணம் மத்திய அரசுடையது, கொடுப்பது மாநில அரசு. பெரும்பாலான மாநிலங்களில் அதிகபட்சம் 26 வாரம். ஒழுங்கான முறையில் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும், வேலை தேடிக்கொண்டும் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் ராணுவத்தினருக்கு அப்படி ஒரு திட்டம் கிடையாது. இருக்கிற மற்ற திட்டங்களும் உங்களைத் தொடாது. தமிழக அரசு, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து ஆண்டு காத்திருப்பவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. பத்தாவது தேறியவருக்கு மாதம் 300 ரூபாய். அதற்கும் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000-க்குள் இருக்க வேண்டும், வயது பொதுப் பிரிவில் 40-க்குள் இருக்க வேண்டும். உங்கள் பென்ஷன் மூன்றே மாதத்தில் அந்த வரம்பைத் தாண்டிவிடும். தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ.யில் 2018-இல் அடல் பெயரில் வந்த திட்டத்தில் வேலை இழந்தவருக்கு 90 நாள் வரை நிவாரணம் உண்டு. ஆனால் அது ஈ.எஸ்.ஐ. சந்தா கட்டிய தொழிலாளிக்கு மட்டும். பட்டாளச் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடிப்பதில்லை. முப்படைக் கொடிநாள் நிதியிலிருந்து வறுமை உதவி என்று ஒன்று தருகிறார்கள். 2025-இல் அதை மாதம் 8,000 ரூபாயாக உயர்த்தினார்கள். அது 65 வயது கடந்த, பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரருக்கும் விதவைக்கும்தான்.

ஏன் இப்படி என்று யோசித்தால் காரணம் புரியும். அமெரிக்க ராணுவத்தில் பொதுவாக 20 ஆண்டு இருந்தால்தான் பென்ஷன். நான்கு ஆண்டில் வெளியே வரும் பையன் வெறுங்கையோடு வருவான், அவனைத் தாங்க ஒன்று வேண்டும். நம் ஜவானுக்கு 15 ஆண்டில் பென்ஷன் வந்துவிடுகிறது. அதுவே அவனைத் தாங்கும் என்று அரசு விட்டுவிட்டது. ஆக, வேலையில்லாக் காலத்துக்கு உங்களுக்கு உள்ள உதவித்தொகை உங்கள் பென்ஷன்தான். மைத்துனர் கேட்கிறாரே என்று எடுத்துக் கொடுக்கும் முன்னால் இதை மனதில் வையுங்கள். இந்தக் கணக்கு உங்கள் அக்கா மகன் விஷயத்தில் உடைந்து போகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்தப் பென்ஷனோடு இன்னொன்றும் சேர்க்க முடியும். போஸ்ட் ஆபீஸ் மாத வருமானத் திட்டத்தில் கணவனும் மனைவியும் சேர்ந்து 15 லட்சம் வரை போடலாம். இப்போதைய 7.4 விழுக்காட்டு வட்டியில் மாதம் 9,250 ரூபாய் வரும். உங்கள் 25,000-த்தோடு சேர்த்தால் 34,000. வீட்டுக் கடனும் இல்லை. வேலூர் பக்கத்துக் கிராமத்தில் நான்கு பேர் இரண்டு வருஷம் இதில் மானமாக வாழலாம். மீதி 9 லட்சத்தை பாங்கில் வையுங்கள், மகள் காலேஜுக்கு உடனே வேண்டியிருக்கும். உங்களுக்கு 50 வயது ஆனதும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் சேரலாம். மற்றவர்களுக்கு 60 என்கிற அந்த வயது, ஓய்வுபெற்ற படைவீரருக்கு 50. கம்யூட் செய்த பாதி பென்ஷனும் 15 ஆண்டு கழித்துத் திரும்ப வந்துவிடும். அந்தத் தேதி எது என்று பென்ஷன் ஆணையான பி.பி.ஓ.வைப் பார்த்துக் குறித்து வையுங்கள்.

மைத்துனருக்கு என்ன சொல்வது? எட்டு மாதமாக வேலை இல்லாத ஒருவரிடம் 10 லட்சம் கேட்பது நியாயமா என்று வீட்டம்மாவே தன் தம்பியிடமோ அண்ணனிடமோ கேட்டுவிடட்டும். நீங்கள் கேட்டால் உறவு கெடும். வேலூர், திருவண்ணாமலைப் பக்கம் கிராமங்களில், பட்டாளத்துக்காரன் பென்ஷன் வந்தான் என்றால் எவ்வளவு வந்தது என்று ஊருக்கே தெரியும். அதிக வட்டி ஆசை காட்டிய நிதி நிறுவனங்களில் மொத்தப் பணத்தையும் போட்டு இழந்த ஹவில்தார்களையும் சுபேதார்களையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். பனியிலும் பாலைவனத்திலும் 24 வருஷம் நின்று சம்பாதித்த காசு அது. முதல் இரண்டு ஆண்டு அதை யாருக்கும் தராதீர்கள்.

சரி, இந்த இரண்டு ஆண்டில் என்ன செய்வது? படியுங்கள்.

வயது தாண்டிவிட்டது என்று உங்களிடம் சொன்னவர்களுக்கு விதி தெரியவில்லை. மத்திய அரசின் குரூப் சி, அதாவது கிளார்க், உதவியாளர் போன்ற வேலைகளுக்கு உங்கள் வயதை எப்படிப் பார்ப்பார்கள் என்றால், இப்போதைய வயதிலிருந்து ராணுவ சர்வீஸ் முழுவதையும் கழிப்பார்கள். 43-இல் 24 போனால் 19. அந்த 19, அறிவிப்பில் உள்ள உச்ச வயதோடு மூன்று சேர்த்தால் வருவதைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான். எஸ்.எஸ்.சி. என்ற மத்தியப் பணியாளர் தேர்வாணையத்தின் எம்.டி.எஸ். (அலுவலகப் பன்முக உதவியாளர்) வேலைக்கு உச்ச வயது 25 என்றால் உங்களுக்கு 28. நீங்கள் இன்னும் 19-இல் இருக்கிறீர்கள். ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒன்று கூடும் என்றாலும், ஐம்பதைத் தொடும்வரை இந்தக் கதவு உங்களுக்குத் திறந்தே இருக்கிறது. பாங்க் கிளார்க் தேர்விலும் இதே போல சர்வீஸ் காலத்தோடு மூன்று ஆண்டு தளர்வு உண்டு, ஆனால் 50 வயதுக்கு மேல் கிடையாது.

இடங்களும் குறைவில்லை. மத்திய அரசுத் துறைகளில் குரூப் சி-யில் 10 விழுக்காடும், பழைய குரூப் டி நிலை வேலைகளில் 20 விழுக்காடும் முன்னாள் படைவீரருக்கு. பொதுத்துறை நிறுவனங்களிலும் அரசு வங்கிகளிலும், ஊனமுற்ற படைவீரருக்கும் போரில் இறந்தவர் குடும்பத்துக்கும் உள்ள நாலரை விழுக்காட்டையும் சேர்த்து 14.5, 24.5 என்று வரும். துணை ராணுவப் படைகளில் 10. இந்த இடங்கள் பெரும்பாலும் முழுதாக நிரம்புவதில்லை. நம் ஆட்கள் விண்ணப்பிப்பதில்லை, விண்ணப்பித்தாலும் படிக்காமல் போய் உட்காருகிறார்கள். நிரம்பாத இடம் மற்றவர்களுக்குப் போய்விடுகிறது. இதை நினைத்தால் எனக்கு வயிறு எரியும். ஒரு பக்கம் மால் வாசலில் 13,000-க்கு நிற்கிறோம், இன்னொரு பக்கம் நமக்கென்று ஒதுக்கிய நாற்காலி காலியாகப் போகிறது.

பத்தாவது மட்டும்தானே என்று தயங்க வேண்டாம். எம்.டி.எஸ்., ரயில்வே லெவல் ஒன்று போன்றவற்றுக்குப் பத்தாவது போதும். அதற்கு மேலும் ஒரு வழி உண்டு. மெட்ரிக் தேறி 15 ஆண்டு சர்வீஸ் செய்த ஜவானுக்கு, பட்டப்படிப்புக்கு இணை என்று ஒரு சான்றிதழ் உண்டு. டிகிரி கேட்கும் குரூப் சி வேலைகளுக்கு, தொழில்நுட்பப் படிப்பு அவசியமில்லாத இடங்களில், அது செல்லும். வங்கிக் கிளார்க் தேர்விலும் இதே மாதிரி ஒரு வழி விட்டிருக்கிறார்கள். உங்கள் டிஸ்சார்ஜ் புக்கோடு அந்தச் சான்றிதழ் வந்ததா என்று இன்றைக்கே பாருங்கள். பென்ஷன் டிரில்லில், அதாவது பட்டாளத்தை விட்டு அனுப்பும் நடைமுறையில், கொடுக்கிற காகிதக் கட்டை யாரும் பிரித்துப் படிப்பதில்லை. இல்லையென்றால் ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். ஒன்று மட்டும் கவனம்: குரூப் பி வேலைகளுக்கு இந்தச் சான்றிதழ் உதவாது.

படிப்பது கஷ்டம் என்பதை மறைக்க மாட்டேன். 24 வருஷமாகப் பேனா பிடிக்காத கை. முதல் மூன்று மாதம் சதவீதக் கணக்கும் ரயில் வேகக் கணக்கும் தலையைச் சுற்ற வைக்கும். எட்டாவது படிக்கும் மகனோடு உட்கார்ந்து அவன் கணக்குப் புத்தகத்தையே முதலில் முடியுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. வடநாட்டிலிருந்து வந்த சக சிப்பாயோடு இந்தி பேசிப் பழகியவர் நீங்கள், இந்தப் பாஷையும் வரும். எம்.டி.எஸ். தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். காலை ஐந்து மணிக்கு எழும் பழக்கம் இன்னும் போயிருக்காது. ஐந்திலிருந்து எட்டு வரை படிப்பு, அப்புறம் வீடு. பகலில் ஊர்க்காரர் கண்ணில் படுவது கூச்சம் என்றால் பக்கத்து நூலகத்துக்குப் போய்விடுங்கள். அங்கே உங்கள் மகன் வயதுக்குக் கொஞ்சம் மேலே உள்ள பிள்ளைகள் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு சேர்ந்தால் புது மாதிரித் தாள் எல்லாம் தானாகக் கைக்கு வரும்.

அரசு வேலை கிடைத்தால் பென்ஷன் நிற்குமா என்ற பயமும் பலருக்கு இருக்கிறது. நிற்காது. அதிகாரி அல்லாத ரேங்கில் ஓய்வு பெற்றவர் மறுவேலையில் சேர்ந்தால், சம்பளம் நிர்ணயிக்கும்போது ராணுவப் பென்ஷனைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இரண்டும் வரும்.

இப்போது கோட்டா விஷயம். மாலில் செக்யூரிட்டியாகச் சேர்ந்தால் கோட்டா போகாது. தனியார் வேலை, ஒப்பந்த வேலை, எப்போது வேண்டுமானாலும் நிறுத்தக்கூடிய தற்காலிக வேலை எதுவும் உங்கள் முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டைத் தொடாது. ஒதுக்கீட்டில் ஒரு நிரந்தர அரசு வேலையில் சேர்ந்த பிறகுதான் அது முடிகிறது. அங்கேயும் ஒரு விலக்கு உண்டு. முதல் வேலையில் சேருவதற்கு முன்பே வேறு தேர்வுகளுக்கு விண்ணப்பித்திருந்தால், சேர்ந்த உடனே அந்த அலுவலகத்தில் எந்தெந்தத் தேதியில் எதெதற்கு விண்ணப்பித்தேன் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்படிச் செய்தால் பின்னால் வரும் நல்ல வேலைக்கும் அதே ஒதுக்கீட்டில் போகலாம். 2014 ஆகஸ்டில் மத்தியப் பணியாளர் துறை இதற்கு ஆணை போட்டது.

இதைச் சொல்லும்போது என் கதையும் நினைவுக்கு வருகிறது. நான் வந்த புதிதில், கூச்சம் தாங்காமல் கிடைத்த முதல் அரசு வேலையில் கடைநிலைக் கிளார்க்காகப் போய் உட்கார்ந்தேன். அதற்கு முன்பே எழுதியிருந்த வங்கித் தேர்வில் ஏழு மாதம் கழித்து என் எண் வந்தது. சான்றிதழ் சரிபார்ப்பில், ஏற்கெனவே ஒதுக்கீட்டைப் பயன்படுத்திவிட்டீர்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அப்போது 2014 ஆணை இல்லை. வீட்டில் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. இன்று அந்த ஆணை இருந்தும், எழுதிக் கொடுக்காமல் விட்டு அதே இடத்தில் நிற்கும் ஆட்கள் வருஷத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் வருகிறார்கள். விண்ணப்பித்த ஒவ்வொன்றையும் ஒரு நோட்டில் தேதி, பதிவெண்ணோடு எழுதுங்கள். அந்த நோட்டு உங்களுக்கு நிலப்பத்திரம் மாதிரி.

ஆகையால் கோட்டா போய்விடும் என்று பயந்து மால் வேலையை ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் 12 மணி நேரம் நின்றுவிட்டு வந்து யாரும் படிக்க முடியாது, அதனால்தான் வேண்டாம் என்கிறேன். வீட்டில் பணம் போதவில்லை, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் கேட்டுச் சேருங்கள். தனியார் பாதுகாப்பு நிறுவனங்களுக்கு 2005-இல் ஒரு சட்டம் வந்தது. சூப்பர்வைசர் வேலைக்கு முப்படையில் குறைந்தது மூன்று ஆண்டு இருந்தவருக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. பத்துப் பேர் கொண்ட செக்‌ஷனை நடத்திய ஹவில்தார் நீங்கள். கார்டு வேலைக்கு வரிசையில் நிற்காமல் சூப்பர்வைசர் என்று கேளுங்கள். எட்டு மணி நேரத்துக்கு மேல் என்றால் ஓவர்டைம் உண்டா, பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்களா, அவற்றின் கணக்கு நம்பர் தருகிறார்களா என்று பாருங்கள். யூனிபார்முக்கு டெபாசிட் என்று பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மால் வாசலைவிட நல்ல இடங்கள் இரண்டு சொல்கிறேன். தமிழக அரசின் டெக்ஸ்கோ, அதாவது தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகம், 1986-இல் தொடங்கியது. அரசு நிறுவனங்களுக்குக் காவலர், டிரைவர் என்று நம் ஆட்களை அனுப்புகிறது. இன்னொன்று டி.ஜி.ஆர். என்று நாம் சொல்லும் மறுவாழ்வு இயக்குநரகம். அங்கே பதிவான ஏஜென்சிகள் வழியாக மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களுக்குப் போகும் காவலருக்குச் சம்பளத்தை டி.ஜி.ஆரே நிர்ணயிக்கிறது. இரண்டுக்கும் வாசல் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். நீங்கள் அங்கே பதிந்ததாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. எட்டு மாதமாகப் பதியவில்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். அடையாள அட்டை, வேலைக்குப் பெயர் பரிந்துரை, பிள்ளைகளின் உதவித்தொகை எல்லாம் அங்கிருந்துதான் நகரும். காவல் துறை இரண்டாம் நிலைக் காவலர் தேர்விலும் நம்மவருக்கு 5 விழுக்காடு உண்டு. அதில் வயது வரம்பும், பட்டாளம் விட்டு எத்தனை நாளுக்குள் என்ற நிபந்தனையும் இருக்கும். அறிவிப்பு வந்தால் அன்றே பாருங்கள்.

பிள்ளைகள் என்றதும் ஒன்று. ஹவில்தார் வரை உள்ளவர்களின் இரண்டு பிள்ளைகளுக்குக் கொடிநாள் நிதியிலிருந்து கல்வி உதவி இருக்கிறது, 2025-இல் தலைக்கு மாதம் 2,000 ஆக்கினார்கள். மாநில அரசின் உதவியை வாங்கிக்கொண்டு இதையும் வாங்க முடியாது, எது அதிகம் என்று பார்த்து ஒன்றைக் கேளுங்கள். மகள் பன்னிரண்டாவதில் 60 விழுக்காட்டுக்கு மேல் எடுத்து என்ஜினியரிங், நர்சிங் மாதிரி தொழிற்படிப்பில் சேர்ந்தால், பிரதமர் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். தேர்வானால் பெண் பிள்ளைக்கு மாதம் 3,000. இந்தப் பணத்தையும் நீங்கள் சம்பாதித்ததாகவே நினையுங்கள், தம்பி. உங்கள் சர்வீஸுக்கு வந்தது அது.

தொழில் தொடங்கும் எண்ணம் இருந்தால், 2024 சுதந்திர தின உரையில் முதலமைச்சர் அறிவித்த 'காக்கும் கரங்கள்' திட்டம் இருக்கிறது. முன்னாள் படைவீரருக்கு ஒரு கோடி வரை கடன், 30 விழுக்காடு மூலதன மானியம், வட்டியில் 3 விழுக்காடு சலுகை. திட்டம் நல்லதுதான். ஆனால் மீதி எழுபது விழுக்காடு கடன்தான், மாதாமாதம் கட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் மைத்துனரின் கடை இருக்கிறதே தவிர, உங்களுக்கு என்ன தொழில் பிடிக்கும் என்று ஒரு வரியும் இல்லை. அது வரும்வரை கடன் வேண்டாம்.

டி.ஜி.ஆர். பயிற்சி வகுப்புகளை நீங்கள் தவறவிட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். சர்வீஸின் கடைசி இரண்டு ஆண்டுக்குள், ஜவான்களுக்குக் கட்டணமில்லாமல், 24 வாரம் வரை தொழிற்பயிற்சி தருகிறார்கள். யூனிட்டில் ஆள் இல்லை, லீவு இல்லை என்று பலருக்குத் தட்டிப் போகிறது. உங்கள் கம்பெனியில் இன்னும் ஓரிரு வருஷம் சர்வீஸ் பாக்கி உள்ளவர்களுக்கு இன்று இரவே போன் செய்து சொல்லுங்கள்.

இனி அக்கா மகன். அவனை நினைத்தால்தான் எனக்கு மனசு கனக்கிறது. 2022 ஜூன் 14-இல் அறிவித்த அக்னிபத் திட்டத்தின் முதல் அணி அவனுடையது. நான்கு ஆண்டு முடிவில் நூறில் 25 பேர் வரைதான் நிரந்தரமாகத் தொடர்வார்கள். மற்றவர்களுக்கு சேவா நிதி, வட்டியோடு சுமார் 11.71 லட்சம், வருமான வரி இல்லாமல். அதில் பாதி அவன் சம்பளத்திலிருந்தே மாதம் 30 விழுக்காடு பிடித்தது. பென்ஷன் இல்லை, கிராஜுவிட்டி இல்லை, முன்னாள் படைவீரருக்கான ஈ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டமும் இல்லை. முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லாததால், மேலே நான் உங்களுக்குச் சொன்ன 10, 20, 14.5 எதிலும் அவன் சேர மாட்டான்.

பென்ஷன் இருக்கிறதே என்றுதான் உங்களுக்கு வேலையின்மைப் படி இல்லை. அவனுக்குப் பென்ஷனும் இல்லை, படியும் இல்லை. இருபத்திரண்டு வயதில் வெளியே வரும் பையனுக்கு, அவன் சேமிப்பில் கை வைக்காமல் ஓர் ஆறு மாதம் வேலை தேட, ஒரு தொகை வாராவாரமோ மாதாமாதமோ தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 1944-இல் ஒரு நாடு செய்ததை நாமும் செய்ய முடியும். முன்னாள் படைவீரர் கூட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நீங்களும் கேளுங்கள்.

கேட்டது கிடைக்கும்வரை அவன் கையில் உள்ளதைப் பார்க்கலாம். துணை ராணுவப் படைகளிலும் அஸ்ஸாம் ரைபிள்ஸிலும் முன்னாள் அக்னிவீரர்களுக்கு 10 விழுக்காடு என்று 2022-இலேயே அறிவித்தார்கள். முதல் அணிக்கு வயதில் ஐந்து ஆண்டு தளர்வு. அதனால் நிரந்தரத் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்காமல் அந்தத் தேர்வுக்கு இப்போதே தயாராகச் சொல்லுங்கள். பத்தாவதோடு போனவன் என்றால், தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பன்னிரண்டாவது சான்றிதழ் பெற ஏற்பாடு இருக்கிறது. அதை வாங்காமல் வெளியே வரக் கூடாது. அப்புறம், அந்த 11 லட்சத்தை அக்கா வீட்டில் கல்யாணச் செலவுக்கென்று எடுத்துவிடாமல் தாய்மாமனாக நீங்கள்தான் காவல் நிற்க வேண்டும்.

நல அலுவலகத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ., ஆதார், பத்தாவது மார்க் ஷீட், குடும்ப அட்டை, போட்டோ எல்லாவற்றிலும் அசலும் இரண்டு செட் நகலும் எடுத்துப் போங்கள். அசலைக் காட்டிவிட்டுக் கையோடு திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். எந்த ஏஜென்சி கேட்டாலும், எவ்வளவு பெரிய வேலை என்றாலும், டிஸ்சார்ஜ் புக் அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவு முடிந்ததும், பட்டப்படிப்பு இணைச் சான்றிதழ் இருந்ததா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள். அதைப் பொறுத்து முதலில் எந்தத் தேர்வு என்று முடிவு செய்யலாம்.